மாதாவின் பதின்மூன்றாவது நட்சத்திரம்

களவு போன பொருள் மேசைமீதே இருந்தது. இந்த வழக்கின் ஒரே சிக்கல் அதுதான்.

ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில், லூர்தம்மா அதை ஒரு சிவப்புத் துணிமேல் வைத்திருந்தார். ஒரு தங்கச் சங்கிலி. அதன் நுனியில் வட்டமான தங்கக் கூடு. கூட்டுக்குள் ஒரு பழைய அமெரிக்கத் தங்கக் காசு, ஐந்து டொலர், 1881ஆம் ஆண்டு. அது எசன் தமிழ்க் கத்தோலிக்கர்களின் மாதா சிலைக்குச் சொந்தமானது. வருடத்தில் ஒருநாள், ஓகஸ்ட் மாதத்தில் கெவ்லார் யாத்திரை நடக்கும்போது, சிலை அதை அணிந்து ஊர்வலம் போகும். மிச்ச நாட்களில் அது மாதா சங்கத் தலைவி லூர்தம்மாவின் அலுமாரியில் கிடக்கும்.

“இது அந்தக் காசில்லை” என்றார் லூர்தம்மா. எழுபது வயது. குரலுக்கு நாற்பது.

எதிரே இருந்த பெண், அன்ரனிற்றா, காசைத் தொடவில்லை. இருபது வருடமாக ஜெர்மன் அலுவலகங்களில் தமிழர்களுக்காக மொழிபெயர்ப்பது அவருடைய தொழில். எந்த வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தது, யாருடைய விண்ணப்பத்தில் எந்தப் பொய் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். துப்பறிய அவரிடம் அனுமதிப்பத்திரம் எதுவும் கிடையாது. துப்பறியாமல் இருக்கவும் அவரால் முடியாது.

பக்கத்தில் நவநீத். மதுரைக்காரன், வயது முப்பத்து நான்கு. சுரங்கங்கள் மூடப்பட்ட பின் ரூர் பகுதியில் நிலம் எவ்வளவு தாழ்கிறது என்று ஏழு வருடமாக ஆராய்கிறான். நிலம் தாழ்ந்தது; ஆராய்ச்சி அசையவில்லை. அன்ரனிற்றாவுக்குக் காரோட்டுவதும், கேட்காமலே கருத்துச் சொல்வதும் அவன் உண்மையான வேலை.

விஷயம் இதுதான். போன மாதம் காசுக் கூட்டின் வளையம் உடைந்தது. வழக்கமாகப் பழுது பார்க்கும் நகைக்கடை ஜூலியன் கனடாவில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். சிலை தூக்கும் பென்ஜமின் சங்கிலியை வாங்கிப்போய், டுசல்டோர்ஃபில் வளையம் மாற்றி, இரண்டாம் நாள் திருப்பிக் கொடுத்தார். லூர்தம்மா ஒரு தடவைதான் பார்த்தார். காசு மாறிவிட்டது என்றார். ஜூலியன் கனடாவிலிருந்து வந்ததும் சோதித்தார். சுத்தமான அமெரிக்கக் காசு, எடையில் ஒரு குறையும் இல்லை. சங்கத்துக்காரர்கள் லூர்தம்மாவுக்கு வயது போய்விட்டது என்று கதைத்தார்கள். லூர்தம்மாவோ மகனைக்கொண்டு பொலிசுக்குக் கடிதம் எழுதிவிட்டார். கடிதத்தில் பென்ஜமினின் பெயர் இருந்தது. நாளை புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாக்குமூலம். அதை மொழிபெயர்க்கத்தான் அன்ரனிற்றாவைக் கூப்பிட்டிருந்தார்.

“அக்கா, பொலிஸ் முதல் கேள்வியாய் என்ன கேட்கும் தெரியுமோ? மாறினது உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டுதான்.”

“எனக்குத் தெரியும். நான் சொல்லுறதை நீர் டொச்சிலை சொன்னால் காணும்.”

நவநீத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை; அன்ரனிற்றாவிடம் திரும்பினான். “அக்கா, இதுல லாஜிக்கே இல்ல. திருடுறவன் தங்கத்தை எடுத்துட்டு பித்தளையை வைப்பான். இவன் தங்கத்தை எடுத்துட்டு அதே தங்கத்தை வெச்சிருக்கான். இது திருட்டு இல்ல, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்.”

லூர்தம்மா அவனைப் பார்த்த பார்வையில் தேநீர் ஆறியது.

அன்ரனிற்றா வேறு வழியாக வந்தார். காசு யார் கொடுத்தது என்று கேட்டார். அதற்கு மட்டும் மடை திறந்தது. கப்பலில் வேலை செய்த தமையன் கொண்டுவந்தானாம். எண்பத்தேழில் அகதி விடுதியில் இருந்தபோது, மகன் கொழும்பிலிருந்து உயிரோடு வந்தால் மாதாவுக்கே தருவதாக நேர்ந்தாராம். மகன் வந்தான். காசும் போனது. அன்றிலிருந்து கெவ்லாரில் சனம் வரிசையில் நின்று அதைத் தொட்டு முத்தமிடுகிறது.

“வேறை எந்தக் காசிலை மாதா இருக்கிறா?” என்றார் லூர்தம்மா பெருமையாக.

நவநீத் காசை எடுத்துப் பார்த்தான். ஒரு பெண்ணின் தலை, சுற்றிவர நட்சத்திரங்கள், தலையில் சின்னக் கிரீடம். கிரீடத்தில் ஆங்கிலத்தில் ‘சுதந்திரம்’ என்று கொட்டை எழுத்தில் பொறித்திருந்தது. அவன் வாயைத் திறந்தான். அன்ரனிற்றாவின் குதிகால் அவன் பாதத்தில் இறங்கியது. வாயை மூடினான்.

லூர்தம்மா காசைப் பிடுங்கிக்கொண்டார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய பெருவிரல் நகம் காசின் ஓரத்தைத் தடவிப் போய், பெண்ணின் பின்னந்தலைக்கு மேலே ஓரிடத்தில் நின்றது. நின்றதும், சுட்டதுபோல விரலை எடுத்தார்.

அன்ரனிற்றா அதைப் பார்த்துவிட்டார். நாளை காலை தருவதாகச் சொல்லிச் சங்கிலியை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

பென்ஜமின் பாண் தொழிற்சாலையில் மாப்பிசையும் யந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். வயது ஐம்பது. வீட்டுக்குப் போனபோது அவர் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. மேசைமேல் ஒரு கடிதத்தை வைத்தார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நகரசபையில் டெர்மின், அதாவது குறித்த சந்திப்பு. ஜெர்மன் குடியுரிமைப் பத்திரத்தை அன்றுதான் கையில் தருவார்கள். பதினாறு வருடம் காத்திருந்த கடிதம்.

“இலங்கைப் பாஸ்போட்டைப் போன மாசமே திருப்பிக் குடுத்திட்டன். அதைக் குடுத்தால்தான் இது தருவினம்” என்றார். “இண்டைக்கு நான் எந்த நாட்டுக்காரனும் இல்லை அன்ரனிற்றா. பொலிசிலை வழக்கு இருந்தால் வியாழக்கிழமை பத்திரத்தைத் தரமாட்டினம். பிறகு நான் ஆர்?”

நவநீத் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். ஒரு பிஸ்கட்டைத் தின்றான்.

பழுது பார்த்த கடையின் ரசீது பென்ஜமினிடம் இருந்தது. டுசல்டோர்ஃப் ரயில் நிலையத்துக்குப் பின்னால், லோமான் என்பவரின் கடை. பழைய நாணயம் வாங்கி விற்பவர். நகைக்கு வளையமும் போட்டுக்கொடுப்பார். பென்ஜமின் ஒரு இரவு சங்கிலியை அங்கே விட்டுவிட்டு வந்திருந்தார். அவ்வளவுதான் நடந்தது என்றார். பிறகு, தான் யார் என்று காட்டவேண்டியதுபோல, கெவ்லார் அல்பத்தை எடுத்து விரித்தார். எல்லாப் படத்திலும் சிலைக்குக் கீழே அவருடைய தோள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டுப் படத்தில் அன்ரனிற்றாவின் விரல் நின்றது. ஒரு கைக்குழந்தை மாதாவின் சங்கிலியை எட்டிப் பிடிக்கிறது. குழந்தையின் அப்பன் வெகு கிட்டவாகப் படம் எடுத்திருந்தான். காசு தெளிவாகத் தெரிந்தது.

“நவநீத், இதிலை நட்சத்திரத்தை எண்ணும்.”

பென்ஜமினின் பூதக்கண்ணாடியை வாங்கி அவன் எண்ணினான். பன்னிரண்டு. பிறகு கையிலிருந்த காசில் எண்ணினான். பதின்மூன்று. திரும்ப இரண்டையும் எண்ணினான்.

“ஆராய்ச்சியில இப்படி வந்தா, ரெண்டுல ஒண்ணை மறைச்சுட்டு கட்டுரை எழுதிடுவோம்” என்றான்.

படத்தில் பெண்ணின் பின்னந்தலைக்கு மேலே, மற்றக் காசில் நட்சத்திரம் இருந்த இடத்தில், வழுவழுவென்று வெறும் தங்கம். லூர்தம்மாவின் நகம் நின்ற அதே இடம்.

ஆக, கிழவிக்கு மூளை பிசகவில்லை. காசு மாறித்தான் இருந்தது.

டுசல்டோர்ஃப் போகும் வழியெல்லாம் நவநீத் தன் கண்டுபிடிப்பை விளக்கிக்கொண்டே வந்தான். அச்சடித்தவன் ஒரு நட்சத்திரத்தை மறந்துவிட்டான். உலகத்திலேயே ஒரே காசு. இலட்சம், கோடி. அது பதினேழு வருடமாக யாருக்கும் தெரியாமல் முத்தம் வாங்கிக்கொண்டிருந்தது. லோமான் எண்ணிப்பார்த்தான், எடுத்துக்கொண்டான், சாதாரணக் காசு ஒன்றைக் கூட்டுக்குள் வைத்தான்.

“தங்கமானு பார்ப்போம். எடை போடுவோம். நட்சத்திரத்தை எவன் எண்ணுவான்? நம்ம ஆளுங்களை நல்லா படிச்சிருக்கான் அக்கா.”

“ஒருத்தி எண்ணியிருக்கிறா” என்றார் அன்ரனிற்றா. “ஏன் எண்ணினவ எண்டதுதான் கேள்வி. முன்னுக்குப் பாத்து ஓட்டும்.”

லோமான் மெலிந்த ஆள். கடையும் மெலிந்தது. அன்ரனிற்றா சங்கிலியைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்து, இது என்ன காசு என்று அப்பாவியாகக் கேட்டார். அறிந்த விஷயத்தைப் பேச இடம் கிடைத்தால் விடாத சாதி மனிதர் லோமான். சங்கிலியை அடையாளம் கண்டிருக்கவேண்டும். ஆனாலும் நாக்கு முந்திக்கொண்டது.

இந்தப் பெண் சுதந்திரத்தின் உருவம் என்றார். நட்சத்திரங்கள், இங்கிலாந்தை எதிர்த்து முதலில் ஒன்றுசேர்ந்த பதின்மூன்று மாநிலங்கள். ஆரம்பத்தில் புது மாநிலம் சேரச் சேர நட்சத்திரத்தையும் கூட்டினார்களாம். பதினைந்து வந்தது, பதினாறு வந்தது. இப்படியே போனால் பெண்ணின் மூக்குக்கு இடம் இருக்காது என்று பயந்து, பதின்மூன்றுக்கே திரும்பினார்களாம்.

“ஐரோப்பாக்காரன் உஷார் அக்கா” என்றான் நவநீத் தமிழில். “இந்த மே மாசம் பத்து நாடு புதுசா சேர்ந்துச்சு. கொடியில அதே பன்னிரண்டுதான்.”

எண்ணிக்கை பிழைத்ததே இல்லையா என்று அன்ரனிற்றா கேட்டார். லோமானின் கண் மின்னியது. ஏன் இல்லை? 1828ஆம் ஆண்டின் அரைச் சதக் காசு ஒன்றில் செதுக்கினவன் பன்னிரண்டோடு நிறுத்திவிட்டான். சேகரிப்பவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள்.

“அப்படிப் பன்னிரண்டு நட்சத்திரத்தோடு ஒரு ஐந்து டொலர், 1881, உங்கள் கைக்கு வந்தால்?”

லோமான் சங்கிலியை அன்ரனிற்றாவின் பக்கம் தள்ளினார். சுவர்க் கடிகாரங்களைக் காட்டி, கடை பூட்டும் நேரம் என்றார்.

அன்ரனிற்றா குரலை உயர்த்தவில்லை. தான் மொழிபெயர்ப்பாளர் என்றார். நாளை காலை ஒன்பது மணிக்கு எசன் பொலிசில் ஒரு வாக்குமூலத்தை மொழிபெயர்க்க இருப்பதாகச் சொன்னார். கைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்தார்.

“உங்கள் பெயரைச் சரியாக எழுதவேண்டும். லோமான், கடைசியில் எத்தனை ‘என்’?”

“இரண்டு” என்றார் லோமான் பழக்கதோஷத்தில். பிறகுதான் பேனாவைப் பார்த்தார். கதிரையில் உட்கார்ந்தார்.

மன்னிப்புக் கேட்பார் என்று நவநீத் எதிர்பார்த்தான். லோமான் கோபப்பட்டார். லாச்சியை இழுத்து, ஒரு காசையும் ஒரு கடிதத்தையும் எடுத்து எறிந்தார். நேற்றுத்தான் வந்த கடிதமாம். பெரிய நிபுணர் ஒருவருக்குக் காசை அனுப்பியிருந்தார். நிபுணர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். அச்சுப் பிழை அல்ல. பதின்மூன்றாவது நட்சத்திரத்தை யாரோ அரத்தால் அராவி எடுத்திருக்கிறார்கள். பிறகு நீண்ட காலம் பலர் தேய்த்ததால் அராவின தடம் மழுங்கியிருக்கிறது. சேதப்படுத்தப்பட்ட காசு, உருக்கத்தான் உதவும்.

“நல்ல காசு ஒன்றைக் கொடுத்துப் பழுதான காசை எடுத்திருக்கிறேன்” என்றார் லோமான். “ஏமாந்தவன் நான். உங்கள் கூட்டம் என்னை ஏமாற்றிவிட்டது.”

நவநீத் சிரித்த சிரிப்பில் ஒரு கடிகாரம் நின்றது. பதினேழு வருட முத்தம் செய்த வேலை! ஆயிரம் உதடும் பத்தாயிரம் விரலும் பட்டுப் பட்டு, அராவின இடம் அமெரிக்க அச்சுக்கூடமே வெறுமையாக விட்டதுபோல ஆகியிருக்கிறது.

அன்ரனிற்றா எழுத்தில் ஒப்புக்கொள்ளச் சொன்னார். லோமான் மறுத்துவிட்டார். வேலை மேசையில் இரண்டு காசும் தவறுதலாக மாறிவிட்டது, அதற்குமேல் நிரூபிக்க முடிந்தால் நிரூபியுங்கள் என்றார். கடிதத்தையும் லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். பன்னிரண்டு நட்சத்திரம் கூட்டுக்குள் போனது; பதின்மூன்று நட்சத்திரம் லோமானிடம் போனது.

“கேஸ் முடிஞ்சுது” என்றான் நவநீத் காரில். “காசு வந்துருச்சு, கிழவிக்குச் சந்தோஷம்.”

“முடியேல்லை. இப்ப காசு பழையபடி இருந்தால் சனம் என்ன சொல்லும்? பொலிசுக்குப் பயந்து பென்ஜமின் திருப்பிக் கொண்டுவந்து வைச்சிட்டான் எண்டு சொல்லும். மாறினதை நிரூபிக்க ஒரே ஒரு ஆள்தான் இருக்கு. அந்த ஆள் வாய் திறக்காது.”

“யாரு? அராவின ஆசாரியா?”

அன்ரனிற்றா சங்கிலியைக் கைப்பையில் வைத்துப் பூட்டினார். மறுநாள் காலை எட்டே முக்காலுக்குப் பொலிஸ் நிலையத்தின் மேல்மாடி நடையில், பிளாஸ்டிக் கதிரையில் இருந்த லூர்தம்மாவின் கையில் சங்கிலியை வைத்தார். நகம் நேரே அந்த இடத்துக்குப் போனது. வழுவழுப்பு. லூர்தம்மாவின் தோள் இறங்கியது.

“இதுதான்.”

“ஓம். இப்ப சொல்லுங்கோ அக்கா. எந்த அரத்தாலை அராவினனீங்கள்?”

லூர்தம்மா நடையின் இரு பக்கமும் பார்த்தார்.

“நகம் தேய்க்கிற அரம்” என்றார். “விடுதியிலை, கட்டிலிலை இருந்து. மூண்டு கிழமை எடுத்தது. மாதாவின்ரை தலையைச் சுத்திப் பன்னிரண்டு நட்சத்திரம். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அமெரிக்கன் ஒண்டைக் கூடப் போட்டிட்டான். பிழையான காசை மாதாவுக்குக் குடுக்க ஏலுமோ? திருத்திக் குடுத்தனான்.”

அது சுதந்திரம் என்ற பெண், நட்சத்திரம் எல்லாம் மாநிலங்கள் என்று நவநீத் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். லூர்தம்மா கைப்பையைத் திறந்து ஒரு யூரோக் காசை எடுத்து அவன் மூக்குக்கு முன் நீட்டினார்.

“எண்ணும் தம்பி.”

எண்ணினான். பன்னிரண்டு.

“நான் திருத்திப் பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகுதான் ஐரோப்பாவே இந்தக் காசை அடிச்சது. ஆர் சரி?”

நவநீத் யூரோவைத் திரும்ப ஒருமுறை எண்ணினான்.

கதவு திறந்து, ஒரு இளம் பொலிஸ்காரி லூர்தம்மாவின் பெயரைத் தன்னால் முடிந்த மட்டும் உச்சரித்தாள். எழும்புவதற்கு முன் அன்ரனிற்றா இரண்டு வழியையும் சொன்னார். எனக்குத்தான் பிழைத்தது, காசு மாறவேயில்லை என்று சொல்லலாம். வழக்கு முடியும், லூர்தம்மாவின் மானமும் மிஞ்சும், பென்ஜமினைத்தான் சாகும்வரை சனம் சந்தேகிக்கும். அல்லது நடந்ததைச் சொல்லலாம்.

“பொய் சொல்ல ஏலாது” என்றார் லூர்தம்மா. “அராவினது வேறை. அது திருத்தம்.”

உள்ளே இருபது நிமிடம். லூர்தம்மா ஒவ்வொரு வசனமாகச் சொன்னார், அன்ரனிற்றா ஒவ்வொரு வசனமாக ஜெர்மனில் வைத்தார், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கடைக்காரரின் பெயரும் வந்தது, இரண்டு ‘என்’னோடு. பொலிஸ்காரி தட்டச்சு செய்துகொண்டே வந்து, நக அரம் வந்த இடத்தில் நிறுத்தி, சரியாகத்தான் கேட்டேனா என்றாள். சரியாகத்தான் கேட்டாள். பென்ஜமின்மீது எந்தச் சந்தேகமும் இல்லை என்று எழுதி, லூர்தம்மா கையெழுத்து வைத்தார். நாளைய டெர்மினைப் பற்றி அன்ரனிற்றா சொன்னதும், நகரசபைக்கு இன்றே தொலைநகல் அனுப்புவதாகச் சொன்னாள்.

வெளியே வந்தபோது நடையின் முனையில் பென்ஜமின் நின்றார். அன்ரனிற்றாதான் நேற்றிரவே லோமான் கதையைச் சொல்லி, வரச் சொல்லியிருந்தார். வேலை உடுப்பு; சப்பாத்தில் மா.

லூர்தம்மா அவருக்கு முன்னால் போய் நின்றார். வழக்கு முடிந்தது என்றார். நாளைக்குப் பயமில்லாமல் போ என்றார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

“கேள்விப்பட்டன் அக்கா” என்றார் பென்ஜமின். “ஜெர்மன்காரிக்குச் சொல்லிப்போட்டியள். அவள் என்னை ஒருநாளும் கள்ளன் எண்டு சொன்னவளில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எங்கடை சனத்துக்கும் சொல்லுங்கோ.”

“என்னத்தை?”

“எல்லாத்தையும். நான் எடுக்கேல்லை எண்டதை. காசு மாறினது உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டதையும்.”

பொலிஸ்காரிக்கு முன்னால் ஒரு கணமும் தயங்காத லூர்தம்மா, இப்போது நன்றாக யோசித்தார். அந்தக் காசை முத்தமிட்ட ஒவ்வொரு முகமாக அவருக்கு முன்னால் வந்துபோயிருக்கவேண்டும்.

“மைக்கிலையோ?” என்று கேட்டார் லூர்தம்மா.

“ஓம்” என்றார் பென்ஜமின். “மைக்கிலை.”